ஆட்சேபணை இல்லை

"ஒண்ணு. தை மாசம், நீச்சல் பழக வந்தவங்க நம்ம கடல்ல நம்மளைக் கேக்காம ஆரஞ்சு மிதவை கட்டினாங்க.

"ரெண்டு. மாசியில, காலையில எட்டு மணி வரைக்கும் மிதவைக்கு உள்ள வலை விடாதேன்னாங்க.

"மூணு. பங்குனியில, நீச்சல்காரன் ஒருத்தன் கால் சிக்கிக்கிச்சுன்னு கமலவேணி வலையை அறுத்துப் போட்டாங்க.

"நாலு. நியாயம் கேக்கப் போனா, உங்க ஊர்லேர்ந்தே ஒருத்தர் எழுதிக் குடுத்திருக்காருன்னு சொல்லித் திருப்பி அனுப்புனாங்க."

அம்மாவாசை விரலை மடக்கி மடக்கிச் சொல்லி முடித்தார். கனகசெட்டிக்குளம் கரையில், படகுகளுக்கு நடுவே ஊரே கூடியிருந்தது.

"இந்த நாலுக்கும் காரணம் ஒத்தைக் கையெழுத்து. போட்டவன் எவன்னு நமக்குத் தெரியாதா? தினம் விடிஞ்சா அவங்க கூடப் படகை எடுத்துக்கினு போறவன் எவன்?"

எல்லோரும் வெற்றிவேலைப் பார்த்தார்கள். அவன் மணலைப் பார்த்தான்.

அம்மாவாசை நாற்பது வருஷம் கொடி பிடித்தவர். துண்டறிக்கை படித்தே எழுத்துக் கற்றவர். இந்தக் கரையிலிருந்து எந்த மனு போனாலும், முதல் வரியைக் காலியாக விட்டுத்தான் அவரிடம் கொண்டுவருவார்கள். இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டு அவருக்குப் பழக்கமில்லை. கடலரிப்புக்குக் கல் கொட்டச் சொல்லித் தை மாதம் மறியல் நடந்த அன்று, டீக்கடை பெஞ்சிலேயே ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தார். நீட்டியவர்கள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வளவு வேலை.

"சொல்லுடா. நீதானே?"

"நான் போடல பெரியப்பா."

"அப்ப எதுக்கு அவங்க கூடப் போற?"

"அவங்க டவுன்ல குளத்துல நீந்திப் பழகினவங்க. போட்டின்னா முதல்ல கடல்ல நீந்தணுமாம். அப்புறம் சைக்கிளு, அப்புறம் ஓட்டம். அலையில ஒருத்தன் முழுகினா எவன் தூக்கறது?"

"என் வலை போச்சே, அதை எவன் தூக்குனான்?" என்றாள் கமலவேணி.

கூட்டம் சிரித்தது. அம்மாவாசை சிரிக்கவில்லை.

"கையெழுத்து இவன்துன்னா, ஒரு வருஷம் இந்தக் கரையில இவன் படகு இறங்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!"

வெற்றிவேலுக்குப் படகைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

தண்ணீர் ஓரத்தில் பயிற்சியாளர் ஹேமலதா, தொப்பி மாட்டிய பத்துப் பேருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"பத்துக் கை வீச்சுக்கு ஒரு தடவை தலையைத் தூக்கிக் கரையைப் பாருங்க. பாக்கலன்னா, நேராப் போற மாதிரியேதான் இருக்கும். எங்கேயோ போய்க் கிடப்பீங்க."

"கடல்ல போறதுக்கும் டியூஷனா!" என்றார் அம்மாவாசை. "அந்த லெட்டரை எடும்மா."

அவள் முகம் மாறியது.

"வேணாங்க ஐயா. மிதவையை இன்னைக்கே அவுத்துடறோம். அக்காவுக்குப் புது வலை எடுத்துத் தர்றோம். அந்தப் பேப்பரை மட்டும் விட்டுடுங்க."

"எங்களுக்கு வலை வேணாம். பேர் வேணும்."

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னு வெற்றிவேல் கேட்டுக்கிட்டாருங்க."

கூட்டம் கொதித்தது.

"கேட்டீங்களா! அவன் வாயாலயே ஆயிடுச்சு!" அம்மாவாசை திரும்பினார். "எத்தனை நோட்டீஸ் அடிச்சேன்டா, படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னு! பத்துப் பேர் நீஞ்சறதுக்கு ஊரையே எழுதிக் குடுத்திருக்கியே, படிச்சுப் பாத்தியா?"

அம்மாவாசை ஹேமலதாவிடம் கையை நீட்டினார்.

"கொண்டாம்மா. ஊரைச் சாட்சியா வெச்சு நானே படிக்கறேன்."

ஹேமலதா வெற்றிவேலைப் பார்த்தாள். அவன் வேண்டாமென்று தலையாட்டினான். அதற்குள் அம்மாவாசை அவள் பையிலிருந்த ஃபைலை உருவிவிட்டார்.

மைக் இல்லாமல் கூட்டங்களில் பேசிப் பழகிய குரல். கடைசிப் படகு வரைக்கும் கேட்டது.

"'எங்கள் கடலில் இவர்கள் நீச்சல் பயிற்சி எடுப்பதில் ஊருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. மிதவை கட்டிக்கொள்ளலாம். காலை எட்டு மணி வரை அதற்குள் வலை விட மாட்டோம் என்று ஊர் மக்கள் சார்பில் உறுதி கூறுகிறேன். இப்படிக்கு...'"

குரல் நின்றது.

தாளின் அடியில் பத்து வரிகள் கோடு போட்டிருந்தார்கள். முதல் வரியில் மட்டும் கையெழுத்து. மற்ற ஒன்பதும் காலி.

"பேரைப் படிங்க, ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் கமலவேணி.

வெற்றிவேல் பக்கத்தில் வந்தான். அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

"கண்ணு தெரியலன்னு சொல்லிடு பெரியப்பா. நான்தான்னே இருக்கட்டும். நான் வேற கரை பாத்துக்கறேன். உன் பேச்சுக்கு மதிப்புப் போயிட்டா, நாளைக்கு இந்த ஊருக்காக எவன் பேசுவான்?"

அம்மாவாசை கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தார். நாற்பது வருஷமாக அவர் வாயையே பார்த்து நின்ற முகங்கள்.

விட்ட இடத்திலிருந்து, அதே குரலில் படித்தார்:

"'இப்படிக்கு, ஊர் மக்கள் சார்பில், ராமலிங்கம் மகன் அம்மாவாசை.'"