பெண் வீட்டார் கொடுத்துவிட்டது

மருமகளின் தாய்மாமன் பெயரை மட்டும் இடது கையால் எழுதினாள் கிருஷ்ணவேணி.

'அன்பளிப்பு. இசக்கிபாண்டி, எப்போதும்வென்றான்.' எழுத்துகள் ஏறியும் இறங்கியும் போயின. எப்போதும்வென்றான் ஊரில் காடுகரையில் வேலை பார்க்கிற மனிதருக்கு இது போதும் என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

காற்றாடியை நிறுத்தியிருந்தாள். சுற்றினால் அட்டைகள் பறந்துவிடும். வைகாசி வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. வியர்வை அட்டையில் சொட்டிவிடாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டே வேலை பார்த்தாள்.

சாயங்காலம் மண்டபத்தில் முத்துசெல்விக்கும் தங்கப்பாண்டியனுக்கும் வரவேற்பு.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பெண் வேறு ஆட்கள், பையன் வேறு ஆட்கள். முத்துசெல்வியின் அப்பா வெயிலுமுத்து அன்றைக்கே தலைமுழுகிவிட்டார். சொந்தபந்தத்தில் யாராவது வரவேற்புக்குப் போனால் அதன்பிறகு தன் வீட்டுப் படி ஏறக்கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

யாரும் வரப்போவதில்லை. அது கிருஷ்ணவேணிக்குத் தெரியும்.

ஆனால் வரவேற்பு முடிந்ததும் பரிசுப் பொட்டலங்களைப் பிரிப்பார்கள். மாப்பிள்ளையின் அத்தை வேலுத்தாய்தான் நடுவில் உட்காருவாள். பொட்டலத்தில் தொங்கும் அட்டையைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் தாளைக் கிழிப்பாள். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு, பெண் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட வரவில்லையா என்று கேட்பாள். கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

அந்த நேரத்தில் முத்துசெல்வி முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்?

ஆள் வராவிட்டால் என்ன, பரிசைக் கொடுத்துவிடக் கூடாதா? ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தானே செய்கிறார்கள்.

அச்சாபீஸில் கழித்துப்போட்ட கல்யாணப் பத்திரிகை அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பிள்ளையார் படம் போட்ட பக்கத்தில் கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை. அவற்றைத் தனியாக எடுத்து வைத்தாள். மற்றதில் வெற்றிலை, மீன், தாமரை என்று வெட்டினாள். விளிம்பில் பசை தடவி ஜிகினாத் தூள் ஒட்டினாள். மூலையில் ஓட்டை போட்டுப் பட்டுநூல் கோத்தாள். விளாத்திகுளம் பெரியம்மா பேரில் ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, மிளகாய்க்குப் பேர்போன அந்த ஊர் ஞாபகத்தில் மிளகாயாகவே வெட்டிவிட்டாள். நல்ல காரியத்துக்கு மிளகாயா என்று பிறகு யோசனை வந்தது. நுனியை இன்னும் கொஞ்சம் வளைத்து மாங்காய் ஆக்கினாள்.

ஒன்றைப் போல ஒன்று இருந்துவிடக் கூடாது. வேலுத்தாய்க்குக் கண் ரொம்பக் கூர்மை. அதனால் ஒன்றில் பச்சை ஸ்கெட்ச், ஒன்றில் மைப்பேனா. மதுரையில் ஆபீஸ் வேலை பார்க்கிற சித்தப்பா பேரை இங்கிலீஷில் எழுதினாள். அவள் காசு போட்டு வாங்கிய பாத்திரங்களைக் கடையில் ஒரே மாதிரித் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். அதையும் பிரித்து வேறு வேறு தாளில் சுற்றினாள்.

முத்துசெல்வியின் அப்பா பேரில் எழுத மட்டும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

கதவு திறக்கிற சத்தம் கேட்டு, பாயைப் போட்டு மூடுவதற்குள் முத்துசெல்வி உள்ளே வந்துவிட்டாள். தலை நிறையப் பூ. கை சிவக்க மருதாணி.

தரையில் பரப்பியிருந்த அட்டைகளை நின்றபடியே படித்தாள். பெரியம்மா. சித்தப்பா. சித்தி மகள் ராமலட்சுமி. மாமன் அட்டைக்கு வந்ததும் குனிந்து அதைக் கையில் எடுத்தாள்.

"எங்க மாமாவுக்கு எழுதவே தெரியாதே, அத்தை. கைநாட்டுதான வைப்பாவ."

மருமகளிடம் கையும் களவுமாகப் பிடிபட்ட கிருஷ்ணவேணி தலை குனிந்துகொண்டாள்.

இந்த ஒரு மாதமாக அரிசி களையும்போதும் மாவாட்டும்போதும் பேச்சோடு பேச்சாக இந்தப் பிள்ளை சொன்ன பெயர்களைத்தான் அவள் மனதில் சேர்த்து வைத்திருந்தாள். யாருக்கு எழுதத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கேட்டுக்கொள்ள முடியவில்லை. கேட்டிருந்தால் காரியம் வெளியே தெரிந்துவிடும். தங்கப்பாண்டியனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. பெற்ற மகன்தான் என்றாலும் அவன் வாயில் எதுவும் நிற்காது.

கிழித்துவிடலாம் என்று அட்டையை வாங்கக் கை நீட்டினாள். முத்துசெல்வி கொடுக்கவில்லை. மாமா யாரையாவது வைத்து எழுதி வாங்கியிருப்பார், அப்படியே இருக்கட்டும் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விரல்தான் அந்தப் பெயரைத் தடவிக்கொண்டிருந்தது.



பிறகு பட்டுச்சேலை கசங்குவதையும் பார்க்காமல் மாமியாருக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மிச்சமிருந்த அட்டைகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, பொறுமையாக ஒரு வெற்றிலை வெட்டினாள். மைப்பேனாவைத் திறந்து 'அன்பு மகளுக்கு' என்று எழுதினாள். அதன் கீழே சர்ரென்று ஒரு கையெழுத்து. முதல் எழுத்தின் கொம்பு பெரிதாகச் சுழிந்து, கடைசி எழுத்தின் வால் நீண்டு, அடியில் இரண்டு கோடு.

பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

கிருஷ்ணவேணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். வெயிலுமுத்து.

"ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்த நான்தான் போடுவேன், அத்தை. அவியளே வந்து பாத்தாலும் தன்னோடதுன்னுதான் சொல்லுவாவ."

கிருஷ்ணவேணி அந்த அட்டையை வாங்கி மை காயும்வரை ஊதினாள். எதில் கட்டுவது என்று பொட்டலங்களைப் பார்த்தாள். இருப்பதிலேயே பெரியது குத்துவிளக்கு. அதில் அவள் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் எழுதிய அட்டை தொங்கியது.

அதை அவிழ்த்தாள்.