ஒரு போன் போட்டிருக்கலாம்

"படிச்சவதானே நீ? லிங்க்கைத் தொடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கலாம்..."

வங்கி வாசலில் மனைவி மென்று விழுங்கிய அந்தப் பதில், உள்ளே வந்த பிறகும் அவனைக் குழப்பியது. கூட்டுக் கணக்கு என்பதால் புகாரில் இருவருமே கையெழுத்திட வேண்டும் என்று வங்கியிலிருந்துதான் அவனை அழைத்திருந்தார்கள்.

"நல்லவேளை, உடனே சொன்னீங்க. பணத்தை முடக்கியாச்சு, திரும்பி வந்துடும்," என்றார் மேலாளர். "மெசேஜ்ல என்னம்மா இருந்தது?"

"இவருக்கு விபத்து, ஆபரேஷனுக்கு உடனே பணம் கட்டுங்கன்னு."

"கல்லு மாதிரி நிக்கிறாரே! இவருக்கே அடிச்சுப் பாத்திருக்கலாமே?"

"அடிச்சேன் சார், போகலை. பிரிஞ்ச அன்னைக்கே என் நம்பரை பிளாக் பண்ணிட்டார்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபத்தில் செய்ததை மறந்தே போயிருந்தான். ஆளுக்கொரு வீடாகி ஒரு வருடம். பிரிக்காமல் விட்டது இந்தக் கணக்கு மட்டும்தான்.

போனை எடுத்து அவள் எண்ணை விடுவித்தான். இத்தனை நாளும் சொல்லாததை அவளிடம் சொன்னான்.

"வீட்டுக்கு வந்துடும்மா."