பத்து மரத்து இலை

ராசு காலையிலிருந்து மூன்றாவது முறையாக அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்கு இளநீர் வெட்ட வேண்டுமாம். இளநீருக்கு இவ்வளவு பதம் எதற்கு என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

"ஏனுங்க, மாமரத்து ரிப்போர்ட்டுல என்ன வந்தாலும் பொறுமையா கேளுங்க" என்றாள் அவர் மனைவி ஜோதி.

"எட்டு வருசம் பொறுத்தாச்சு. ஏமாத்துனது ஆரா இருந்தாலுஞ் சரி, இன்னிக்கு இந்தத் தோட்டத்தைத் தாண்டிப் போகோணும்னு நெனைக்கக்கூடாது."

ராசு திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். வடநாட்டில் ஊர் ஊராக ஆழ்குழாய்க் கிணறு தோண்டி, புழுதி தின்று சேர்த்த காசில்தான் மூன்று ஏக்கருக்கு இருநூறு இமாம்பசந்த் மா ஒட்டுக்கன்று வாங்கி நட்டார். இந்த வருடம்தான் முதல்முதலாக நாலைந்து மரம் காய்த்தது. அதுவும் வாயில் வைக்க முடியாத புளிப்பு.

முதலில் வந்தவர் குழந்தைவேல். அயோத்தியாப்பட்டணத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். அந்தக் கன்றுகளை விற்றவர். ராசு ஊரெல்லாம் பேசிய பேச்சில் ஆறு மாதமாக அவர் பண்ணையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொன்னதே அவர்தான்.

"வாங்க, உக்காருங்க" என்றார் ராசு. அந்த மரியாதைதான் குழந்தைவேலுக்குப் பயமாக இருந்தது.

"ராசண்ணா, அடியில கொட்டைக்கன்னு, மேல எங்க தாய்மரத்துக் குச்சி. என் கையாலயே ஒட்டுக் கட்டுனதுங்க. மேல இருக்கறதுதான் ரகம். அது சரியா இருக்கற வரைக்கும் காய் தப்பா வர வழியே இல்லீங்க."

ஜோதி கொண்டுவந்த டீ டம்ளர் தட்டிலேயே சாய்ந்தது. துடைத்துவிட்டு வேறு டீ போட உள்ளே போனாள்.

ராசு அதைக் கவனிக்கவில்லை. "அந்த மேடம் வரட்டும்" என்று அரிவாளை மடியில் வைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு அறிவுச்செல்வி ஜீப்பில் வந்து இறங்கினாள். ஆராய்ச்சி நிலையத்தில் பழ ரகங்களைப் பரிசோதிப்பவள். இரண்டு மாதம் முன்பு பத்து மரத்திலிருந்து இலை பறித்துப்போனவள் அவள்தான். பண்ணையின் தாய்மரத்து இலையையும் எடுத்திருந்தாள்.

"மனுஷங்களுக்குக் கைரேகை மாதிரி, ஒவ்வொரு மாங்கா ரகத்துக்கும் டி.என்.ஏ.ல சில அடையாளம் உண்டு. மார்க்கர்னு சொல்லுவோம். குழந்தைவேல் சாரோட தாய்மரம் அசல் இமாம்பசந்த். அதுல சந்தேகமே இல்ல."

குழந்தைவேல் அப்போதுதான் மூச்சு விட்டார்.

"ஆனா உங்க தோட்டத்து இலை பத்துல ஒண்ணுகூட அதோட பொருந்தல."

உள்ளேயிருந்து வந்த ஜோதி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னொண்ணு. வேற ஏதோ ஒரு ரகத்தை ஒட்டுக் கட்டி ஏமாத்தியிருந்தாக்கூட பத்தும் ஒரே மாதிரி இருக்கணும். இது பத்தும் பத்து விதமா இருக்கு. கொட்டை முளைச்சு வந்த மரத்துலதான் இப்படி இருக்கும்."

"கேட்டயா ஜோதி? ஒட்டே கட்டாம வெறுங் கொட்டைக்கன்னைத் தள்ளி உட்டிருக்கான்!"

"சத்தியமா இல்லீங்கண்ணா!" குழந்தைவேல் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒட்டுக் கட்டுன எடத்துல பிளாஸ்டிக் சுத்தியிருந்துச்சே. இருநூறையும் நீங்களே தொட்டுப் பாத்து எண்ணித்தானே வண்டியில ஏத்துனீங்க!"

அறிவுச்செல்விக்கு ஏதோ பொறி தட்டியது. "ஒரு நிமிஷம். நட்ட வருஷம் கன்னுகளை யாரு பாத்துக்கிட்டது?"

"நான் சத்தீஸ்கர்ல ரிக்குல இருந்தனுங்க, மேடம். இவதான் ஒத்தையில நின்னு, கொடத்துல தண்ணி சொமந்து, பெத்த புள்ளையாட்டம் வளத்துனா. இவ பட்ட பாட்டை நெனச்சாவது இவனுக்கு மனசு எரங்கியிருக்கோணும்." சொல்லும்போதே ராசுவுக்குக் கண் கலங்கியது. மனைவியின் உழைப்பு வீணாய்ப் போனதை அவரால் தாங்க முடியவில்லை.

"இருங்க சார், நான் இன்னும் முடிக்கல..."

ராசு எழுந்துவிட்டார். அரிவாளும் அவரோடு எழுந்தது.

"ஒட்டுக் கட்டுன கையை நீட்டுடா."

குழந்தைவேல் நாற்காலியோடு பின்னால் விழுந்தார். அறிவுச்செல்வி போட்ட கூச்சலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நாய்தான் குரைத்தது.

அரிவாள் உயர்ந்தபோது ஜோதி ஓடிவந்து இடையில் நின்றாள்.

"தள்ளு ஜோதி!"

"மாட்டனுங்க. நட்ட மாசமே ஆட்டு மந்தை பூந்து மேல ஒட்டுக் கட்டுன குச்சியைப் பூராம் மேஞ்சிருச்சுங்க. அடியில இருந்த கொட்டைக்கன்னு துளுத்ததும், பொழச்சுக்கிச்சுன்னு தண்ணி ஊத்துனது நானுங்க!"