குரல் இருந்த பெட்டி

அமல்ராஜ் ஹார்ட் டிஸ்கின் மூடியைக் கழற்றி, விளக்குக்குக் கீழே சாய்த்துக் காட்டினார். கண்ணாடிபோல் பளபளக்க வேண்டிய தட்டில் வட்டமாக ஒரு கீறல் ஓடியது.

கிருபாகரன் குனிந்து பார்த்தான்.

முகப்பேரில் செருப்புக்கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போகிற சின்னக் கடை அமல்ராஜுடையது. செத்த டிஸ்கிலிருந்தும் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று ஆபீஸில் ஆளாளுக்குச் சொன்னதால் வந்திருந்தான்.

எதையாவது எடுத்து அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பவ்யாவின் குரல் வேண்டும்.

பவ்யா அவனுடைய முதல் மனைவி. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவள் பேசிய வீடியோக்கள் எல்லாம் இந்தப் பழைய லேப்டாப்பில்தான் இருந்தன. ஒன்றில் தோசைக் கரண்டியை நீட்டி, படம் பிடித்தது போதும், வந்து தட்டை எடு என்று அதட்டுவாள். அவ்வளவுதான் வீடியோ. அடுத்தவர்கள் பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்பார்கள். அவனுக்கு எல்லாமே அதில்தான் இருந்தது.

வேறு பிரதி கிடையாது. அதுவும் அவன் செய்த கெட்டிக்காரத்தனம்தான். நிஷாவைக் கட்டிக்கொண்டபோது, வருகிறவள் மனசு நோகக் கூடாது என்று போனில் இருந்ததையும் இணையத்தில் சேர்த்து வைத்திருந்ததையும் துடைத்து எறிந்தான். சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பவ்யாவின் அம்மாவிடமே கொடுத்துவிட்டான். லேப்டாப்பை மட்டும் பீரோவின் மேல்தட்டில் கம்பளிக்கு அடியில் ஒளித்து வைத்தான். நிஷாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பினான்.

இன்றைக்கும் அவளிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

"உள்ள தண்ணி போயிருக்கு சார். அது தெரியாம நீங்க திரும்பத் திரும்ப ஆன் பண்ணியிருக்கீங்க. படிக்கிற முள்ளே தட்டைச் சுரண்டிடுச்சு. இனிமே யார்கிட்ட கொண்டு போனாலும் ஒண்ணும் வராது."

மூடியின் விளிம்பில் கரும்பொடி ஒட்டியிருந்தது. தட்டிலிருந்து உதிர்ந்தது என்றார் அமல்ராஜ். கிருபாகரன் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். தோசைக் கரண்டி அதட்டல் அதில்தான் எங்கேயோ இருக்க வேண்டும்.

பீரோவுக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? வீடு ஒழுகவும் இல்லை.

அமல்ராஜ் லேப்டாப்பைத் திருப்பி, விசிறியின் சந்திலிருந்து இடுக்கியால் எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். காய்ந்து சுருண்ட ஒரு சாமந்தி இதழ். பக்கத்தில் குங்குமக் கறை வேறு. ஆயுத பூஜை முடிந்ததும் இப்படி நிறைய லேப்டாப் வரும், ஆடி மாசத்தில் வருவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிச் சிரித்தார்.

கிருபாகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. நிஷாவுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று யோசித்தான். வேண்டுமென்றே செய்திருப்பாளோ என்று யோசித்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

படிக்கட்டில் நின்று அவளுக்குப் போன் போட்டான். பீரோவிலிருந்து லேப்டாப்பை எடுத்தாயா என்று மட்டும் கேட்டான். இன்னொரு வார்த்தை பேசினால் கத்திவிடுவோம் என்று பயமாக இருந்தது.

நிஷா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

கோவில்பதாகையில் நிஷாவின் பிறந்த வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தவளை வீட்டுச் சாமியாக வைத்து, புதுப்புடவை வைத்து, மாலை சாத்திக் கும்பிடுவார்கள். துறையூர்க்காரனான அவன் நிஷாவுடன் நடந்த கல்யாணத்துக்கு முன்தினம்தான் அதை முதன்முதலாகப் பார்த்தான். பார்த்ததோடு மறந்தும் போனான்.

நிஷா மறக்கவில்லை. இந்த வீட்டுப் பூவாடைக்காரி யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மாலை போட வீட்டில் ஒரு படம்கூட இல்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டி, அந்த லேப்டாப்பின் முன்னால் கண்ணைத் துடைப்பதை எப்போதோ ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அக்கா அதற்குள்தான் இருக்கிறாள் என்று அப்போதே புரிந்துகொண்டாள்.

ஆடி வெள்ளியன்று அவன் ஆபீசுக்குக் கிளம்பியதும் லேப்டாப்பை இறக்கினாள். புதுப்புடவையை மடித்து அதன்மேல் வைத்தாள். குங்குமம் இட்டாள். கடைக்காரன் தண்ணீர் தெளித்துக் கட்டிக்கொடுத்த சாமந்தி மாலையைச் சொட்டச் சொட்டச் சுற்றினாள். சாயங்காலம் அவன் வருவதற்குள் துடைத்து, கம்பளிக்கு அடியில் பழையபடி வைத்துவிட்டாள்.

கிருபாகரன் படியிலேயே உட்கார்ந்தான்.

"கோச்சிக்காதீங்க. எனக்கு ஒரே ஒரு ஆசதான். அந்த அக்கா கொரலு எப்டி இருக்கும்னு கேக்கணும் போல கீது. ஒரு நாளு எனக்கும் போட்டுக் காட்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்றான்.