இருபது நிமிட ஓட்டம்

பசியாவரம் தீவில் கோயிலிலிருந்து, சிவப்புக் கொடி நட்ட வடமுனைவரை ஓட எட்டு நிமிடம் போதும். அதற்கப்புறம் ஏரிதான். கணுக்கால் உடைவதற்கு முன் திவ்யா தினமும் ஓடிய வழி அது. இப்போது செல்போன் செயலி சொல்கிறபடி ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மெல்ல மெல்ல ஐந்தாவது வாரத்துக்கு வந்திருந்தாள். கூட ஓட யாருமில்லை.

அன்று காலை இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் அந்த வாரத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும். போலீஸ் தேர்வுக்கோ பதினெட்டு நாள்தான் இருந்தது.

வலை உதறிக்கொண்டிருந்த செல்வம்மாள் கேட்டாள்: "இன்னாடி, இருக்கறதே இத்தினியூண்டு தீவு. எங்க ஓடப் போற?"

"முனைக்குப் போயி திரும்பி வருவேன் அத்த. போலீஸானதும் நீ சலாம் அடிக்கணும்."

"அடிச்சிட்டாலும்."

எட்டு நிமிடம் ஆனது. முனை வரவில்லை. பன்னிரண்டு ஆனது. மணலும் உமரிச் செடியும் நீண்டுகொண்டே போயின. நிற்கக் கூடாது என்று ஓடினாள். கால் வலிக்கவேயில்லை.

"இருபது நிமிடம் முடிந்தது. இனி வீட்டுக்கு நடக்கலாம்" என்றது போன்.

வந்த வழியே திரும்பினாள். பத்தடியில் ஏரி. அதற்கு அப்பால், வெகுதொலைவில், வடமுனையின் சிவப்புக் கொடி. அவள் காலடித் தடங்கள் தண்ணீரின் விளிம்பிலிருந்து தொடங்கியிருந்தன. ஷூ நனையவில்லை.

ஊர்ப் படகு ஒன்று அருகே வந்தது. துப்பட்டாவை வீசிக் கூப்பிட்டாள். படகிலிருந்த இருவரும் அவள் பக்கம் பார்த்தார்கள். வெறும் தண்ணீரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அவளை நோக்கி வலையை வீசினார்கள்.