புளி போட்டுத் தேய்த்த காசு

சகாயம் புதிதாகப் பழங்காசு சேர்க்கத் தொடங்கியிருந்தார். சந்தைக் கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிய இரண்டு காசுகள் ஒரே டப்பாவில் கிடந்தன. ஒன்று கறுத்துப்போன செப்புக்காசு. மற்றொன்று பளபளக்கும் வெள்ளிக்காசு. அது போன மாதம் பட்டறையில் வார்த்த போலி.

"உன்னைப் பார்க்கவே சகிக்கல. கொஞ்சம் குளிக்கக் கூடாதா?" என்றது போலி.

"இந்தக் கறுப்பு படிய முந்நூறு வருஷம் ஆச்சு. இதுதான் என் தோல்," என்றது செப்புக்காசு.

சகாயத்துக்கும் பளபளப்புதான் பிடித்தது. யாரையும் கேட்காமல் செப்புக்காசை எடுத்து, புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தார். "வேண்டாம்யா, விட்டுடு," என்று அது கெஞ்சியது அவர் காதில் விழவில்லை. ராஜாவின் முகம் மழுங்கியது. சுற்றியிருந்த எழுத்துகளும் போயின.

மறுவாரம் ஒரு நாணய வியாபாரி இரண்டையும் லென்ஸில் பார்த்தார். "வெள்ளி போலிங்க. செம்பு அசல்தான், ஆனா தேய்ச்சுக் கெடுத்துட்டீங்களே. இனி இதை யாரும் வாங்க மாட்டாங்க."

சகாயம் இரண்டையும் டப்பாவில் போட்டு மூடினார்.

உள்ளே போலி தயங்கித் தயங்கிக் கேட்டது: "உன்மேல எந்த ராஜா பேர் இருந்துச்சு?"

செப்புக்காசு வெகுநேரம் யோசித்தது.

"தெரியல," என்றது.