லிஃப்ட் மெக்கானிக் மனைவியின் வசனம்

எங்கள் கணினி விளையாட்டுக்கு வந்த விமர்சனங்களை முதலாளி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். விளையாட்டுக்கு வசனம் எழுதியவள் நான் என்பதால், எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

துப்பறிய வந்தவனை உட்கார வைத்துக் குடும்பக் கதை சொல்கிறார்கள் என்றது ஒன்று. காவலாளி வாயைத் திறந்தால் மூடுவதே இல்லை, அவரைத்தான் கொலை செய்திருக்க வேண்டும் என்றது இன்னொன்று. எந்தப் பொத்தானை அழுத்தினால் இவர்கள் பேச்சை நிறுத்துவார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரிந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள் என்று அதன் கீழே நூற்று நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

எங்கள் விளையாட்டு இதுதான். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக் செத்துக் கிடக்கிறார். விளையாடுபவர்தான் துப்பறிவாளர். பத்தொன்பது பேரிடம் பேசிப் பேசியே கொலையாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. வாய் மட்டும்தான்.

அந்தப் பத்தொன்பது வாய்க்கும் எழுதியவள் நான். அடுத்த பாகத்துக்கு என்னை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதற்குத்தான் இன்றைய கூட்டம்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மெக்கானிக் மனைவியை மட்டும் எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே, அது எப்படி என்றார்.

அது உண்மை. துப்பறிவாளர் அவளிடம் பதினோரு கேள்வி கேட்கிறார். அவள் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறாள். கண் சிமிட்டுகிறாள். மேலே மின்விசிறி சுற்றுகிறது. அவ்வளவுதான்.

இந்த மௌனத்துக்காகவே ஐந்து நட்சத்திரம் என்று ஆளாளுக்குப் போட்டிருந்தார்கள். ஒருவர் அதை வியந்து நாலு பக்கம் எழுதியிருந்தார். விளையாட்டில் பேச்சு அதிகம் என்று குறைபட்டுக்கொண்டவரும் அவரேதான்.

அவள் ஊமை இல்லை. அவளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வசனங்கள் எழுதியிருந்தேன். மொத்த வேலை எட்டு மாதம்; அதில் மூன்று மாதம் அவளுக்கே போனது. மற்ற பதினெட்டு பேரைச் சம்பளத்துக்கு எழுதினேன். அவளை ஆசைப்பட்டு எழுதினேன்.

விளையாட்டை வெளியிட்ட அன்று அவளுடைய வசனக் கோப்பைச் சேர்க்க புரோகிராமர் மறந்துவிட்டார். வீட்டில் இரட்டைக் குழந்தைகள், பிறந்து நாற்பது நாள். மனிதர் தூங்கியும் நாற்பது நாள் ஆகியிருந்தது.

இது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி விளையாட்டை இதுவரை விளையாடிப் பார்த்ததில்லை. அதை விற்பதற்கே நேரம் சரியாக இருக்கிறதாம்.

திருத்திய பதிப்பு இன்று சாயங்காலம் வெளியாகிறது. அதில் கோப்பைச் சேர்த்துவிடட்டுமா என்று காலையில் புரோகிராமர் காதோடு காதாகக் கேட்டார். கூட்டம் முடியட்டும் என்று சொல்லியிருந்தேன்.

"அவளப் பேச விடாம உட்கார வைக்கணும்னு யாருக்கும்மா தோணுச்சு?" என்றார் முதலாளி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புரோகிராமர் மேசையைப் பார்த்தார். நான் புரோகிராமரைப் பார்த்தேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய வேலையைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய குழந்தைகள் என் நினைவிலேயே இல்லை.

என் மௌனத்தை முதலாளி தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த பாகத்துக்கு நான்தான் தலைமை வசனகர்த்தா என்றார். அதில் எல்லாரும் அவளைப் போலவே இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

பிறகு திரையைப் பார்த்து முகம் சுளித்தார். கடைசியாக ஒரு விமர்சனம் பாக்கி இருந்தது.

அந்தப் பெண் எப்படியும் பேசிவிடுவாள் என்று முக்கால் மணி நேரம் அவள் முன்னால் காத்திருந்தேன் என ஒருவர் நேற்றுக் காலை எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, யாரோ பெயர் போடாமல் இருநூற்றுப் பன்னிரண்டு வசனங்களையும் அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து ஒன்றை அவர் இன்று எடுத்துப் போட்டிருந்தார். லிஃப்டில் முதலில் கணவர் ஏறி இரண்டு தடவை குதித்துப் பார்ப்பார், அப்புறம்தான் தன்னை ஏறச் சொல்வார் என்று அவள் துப்பறிவாளரிடம் சொல்லும் இடம்.

படித்துவிட்டு அழுதேன், இது நிஜமாகவே அவள் பேசியதுதானா, நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்.

புரோகிராமர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண்டுபிடிக்க அவருக்குத் துப்பறிவாளர் யாரும் தேவைப்படவில்லை.

ஆமாம், நான்தான். நேற்று மத்தியானம் பொறுக்க முடியவில்லை. ஒரே ஓர் ஆள் படித்தால் போதும் என்றிருந்தது.

போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ நம் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறான் என்றார் முதலாளி. கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். தலைமை வசனகர்த்தாவின் முதல் வேலை இது, உடனே பதில் போடு என்றார்.

உண்மையைச் சொன்னால் சாயங்காலமே அவள் பேசத் தொடங்குவாள். நானும் இரட்டைக் குழந்தைகளின் அப்பாவும் வேறு வேலை தேடலாம்.

அந்தப் பாத்திரத்துக்கு நாங்கள் வசனமே எழுதவில்லை, யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தட்டினேன். இரண்டு வரிதான். மூன்று மாதம் எழுதியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். புரோகிராமர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்த ஆளிடமிருந்து பதில் வந்தது. முதலாளி அதையும் சத்தமாகவே படித்தார்.

"எனக்கும் அப்பவே சந்தேகம்தான். இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவங்க உங்க கம்பெனியில யாரும் இருக்க வாய்ப்பே இல்லை."